எலெஸ்ஸார் மன்னனின் ஆட்சியை எழுதியவர் யார்? டோல்கீனின் பிற்சேர்க்கைகளை முன்வைத்து ஒரு வாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

ஜே. ஆர். ஆர். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' புதினத்தில் ஆரகோர்ன், எலெஸ்ஸார் என்னும் பெயரில் முடிசூடி 120 ஆண்டுகளுக்கு மேல் அரசாள்கிறான். முடிசூட்டுவதோடு நூல் நின்றுவிடுகிறது, ஆட்சி சொல்லப்படவில்லை என்பது அந்நூலின்மீது நெடுநாளாக வைக்கப்படும் குறை. அந்த ஆட்சி வெவ்வேறு குடியினரின் பதிவுகளில் சிதறிக் கிடக்கிறது என்பதும், அப்பதிவுகள் யாருடையவை என்று கேட்கும்போதுதான் அம்மன்னனைப் பற்றிய திறனாய்வு தொடங்க இயலும் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்கள்.

திறவுச்சொற்கள்: டோல்கீன், மிகுபுனைவு, அரசியல்பு, ஆண்டுக்குறிப்பு, கொடை, பதிவாளர்.

முன்னுரை

மிகுபுனைவு இலக்கியத்தில் அரசன் பெரும்பாலும் கதையின் முடிவில் தோன்றுபவன். இழந்த முடி மீட்கப்படும், மக்கள் ஆரவாரிப்பர், நூல் நிறைவுறும். அதன்பின் அவன் எப்படி ஆண்டான் என்னும் வினாவை இவ்வகைமை பொதுவாக எழுப்புவதில்லை. 1954-55ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நூலும் இவ்வழக்கிற்கு விலக்கன்று என்றே பலரும் கருதிவந்துள்ளனர். இக்கருத்தைக் கூர்மையாகச் சொன்னவர் எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். 2014இல் 'ரோலிங் ஸ்டோன்' இதழுக்கு அளித்த நேர்காணலில், ஆரகோர்ன் நெடுங்காலம் நன்றாக ஆண்டான் என்று டோல்கீன் சொல்லிவிடுகிறார். ஆனால் அவனுடைய வரிக்கொள்கை யாது, அவனுக்கு நிலைப்படை இருந்ததா, தோற்ற ஓர்க்குகளை அவன் என்ன செய்தான் என்று மார்ட்டின் வினவினார்.

இவ்வினா இன்று ஏறத்தாழ ஒரு நகைச்சுவைத் துணுக்காகவே வழங்கிவருகிறது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும் அது ஒன்றைக் கவனியாமல் விடுகிறது. வரிக்கொள்கை பற்றிய செய்தி கிடைக்கவேண்டுமானால் அதை யாரேனும் பதிந்து வைத்திருக்கவேண்டும். டோல்கீன் 1925 முதல் 1945 வரை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆங்கிலோ-சாக்சன் பேராசிரியராகப் பணியாற்றியவர். ஓர் அரசனின் முழு ஆண்டையும் ஒற்றை வரியில் அடக்கிவிடும் ஆண்டுக்குறிப்புகளோடு பழகியவர். தம் புதினத்தையும் அவர் தாம் எழுதியதாகக் காட்டவில்லை. ஹாபிட்டுகள் எழுதி, பிறர் படியெடுத்துக் காத்த 'செந்நூல்' ஒன்றின் மொழிபெயர்ப்பாகவே அதை முன்வைக்கிறார். எனவே எலெஸ்ஸாரின் ஆட்சியைப் பற்றிய எந்தச் செய்தியும், புனைவுலகின் உள்ளேயே, ஒருவரால் ஒரு நோக்கத்தோடு எழுதப்பட்ட செய்தி. இந்தப் புனைவை நாம் பொருட்படுத்தி வாசித்தால் என்ன கிடைக்கும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

பிறர் இட்ட பெயர்களில் ஒரு வாழ்க்கை

ஆரகோர்ன் மூன்றாம் ஊழி 2931ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் பிறந்தான். இரண்டு வயதில் தந்தை இரண்டாம் அரத்தோர்ன் போரில் மாண்டான். தாய் கில்ராயன் குழந்தையோடு எல்ரோந்தின் இல்லத்தில் அடைக்கலம் புகுந்தாள். அங்கு அவனுக்கு எஸ்தெல் என்று பெயரிட்டனர். அவனுடைய குடிப்பிறப்பு மறைக்கப்பட்டது. 20ஆம் வயதில்தான் தன் பெயரையே அவன் அறிகிறான். பின்னர் ரோஹன் நாட்டுத் தெங்கெல் மன்னனிடமும், கோந்தோர் நாட்டின் ஆட்சிக்காவலர் இரண்டாம் எக்தெலியோனிடமும் 'தொரோங்கில்' என்னும் புனைபெயரில் படைத்தொண்டு செய்கிறான். உம்பார் துறைமுகத்துக் கடற்கொள்ளையரின் கலங்களைத் தீக்கிரையாக்கி வென்றபின், தலைநகருக்குத் திரும்பிச் சிறப்புப் பெறாமல் எங்கோ சென்றுவிடுகிறான். வடபுலத்து ஊர்களில் அவன் வெறும் நாடோடி. 'ஸ்ட்ரைடர்', அதாவது நெடுநடையன், என்பது அங்கே அவனுக்கு வழங்கிய ஏளனப் பெயர்.

இப்பெயர்கள் ஒவ்வொன்றும் அவனைப் பார்த்தவர்கள் இட்டவை. தொரோங்கில் பற்றிய செய்தி ஆரகோர்னின் வரலாற்றுப் பகுதியில் விரிவாக இல்லை. கோந்தோரின் ஆட்சிக்காவலர் வரலாற்றில்தான் அது விரிவாக வருகிறது. எக்தெலியோனின் மகன் டெனதோர் அவ்வயலானைப் போட்டியாளனாகக் கருதினான் என்பதும் அங்குதான் உள்ளது. ஆக, அரசனாவதற்கு முன்பே ஆரகோர்ன் பிறருடைய ஏடுகளில் பதிவாகும் மனிதனாகவே வாழ்கிறான். அவன் மன்னனானபின் தன் குலத்திற்குத் தெரிந்தெடுத்த பெயர் 'தெல்கொந்தார்'. நெடுநடையன் என்னும் அதே ஏளனச்சொல்லின் உயர்மொழி வடிவம் அது. பிறர் சொல்லைத் தன் மெய்ப்பெயராக ஏற்றுக்கொண்ட இச்செயலை வெறும் பணிவு என்று கொள்வதைவிட, தன்னை எழுதுபவர் பிறரே என்பதை அவன் அறிந்திருந்தான் என்று கொள்வது பொருந்தும்.

மே முதல் ஜூலை வரை

கோந்தோரில் அரசன் ஏயர்னூர் 2050இல் பகைவன் கோட்டைக்குச் சென்று மீளாமற்போனதிலிருந்து 969 ஆண்டுகள் ஆட்சிக்காவலரே நாட்டை நடத்தினர். இசில்துரின் வழியில் வந்த ஆர்வெதுய் 1944இல் முடியுரிமை கோரியபோது கோந்தோரின் அவை அதை மறுத்தது. ஆகவே ஆரகோர்னின் உரிமை ஐயத்திற்கிடமற்றதன்று. இது நூலை ஒருமுறை படித்தவர்கள் எளிதில் மறந்துவிடும் செய்தி. பெலென்னோர் களத்தில் வென்றபின்னும் அவன் நகருக்கு வெளியே கூடாரமடித்துத் தங்குகிறான். அன்றிரவு நகருள் நுழைவது புண்பட்டோரைக் காக்கும் மருத்துவனாக மட்டுமே. அரசன் கைதொட்டால் நோய் தீரும் என்னும் இடைக்கால ஐரோப்பிய நம்பிக்கையை 1924இல் மார்க் ப்ளாக் விரிவாக ஆராய்ந்தார். டோல்கீன் அந்நம்பிக்கையைத் தலைகீழாக்குகிறார். அங்கே அரசனாக இருப்பதால் நோய் தீர்கிறது. இங்கே நோய் தீர்த்ததால் மக்கள் அவனை அரசனென்று பேசத் தொடங்குகின்றனர்.

3019 மே 1ஆம் நாள் முடிசூட்டு விழா. ஃபரமிர் மக்களின் இசைவைக் கேட்டபின்னரே முடி சூட்டப்படுகிறது. அதன்பின் வரும் சில வாரங்களில் மன்னன் அளித்த தீர்ப்புகளை நூல் சுருக்கமாகச் சொல்கிறது. சரணடைந்த கீழ்த்திசையோரை மன்னித்து விடுவிக்கிறான். ஹாரத் நாட்டாரோடு அமைதி செய்துகொள்கிறான். மோர்தோரின் அடிமைகளை விடுவித்து, நூர்னென் ஏரியைச் சூழ்ந்த நிலங்களை அவர்களுக்கே உரியதாக்குகிறான்.

இவற்றுள் பெரகோந்தின் வழக்கு தனியே நோக்கத்தக்கது. பெரகோந் அரண்மனைக் காவலன். மனம் பேதலித்த டெனதோர் தன் மகன் ஃபரமிரை உயிரோடு எரிக்க முற்பட்டபோது, பெரகோந் காவலிடத்தை விட்டகன்று, இறந்தோர் துயிலும் இடத்தில் குருதி சிந்தி, ஃபரமிரைக் காத்தான். பழைய சட்டப்படி அதற்குத் தண்டனை மரணம். மன்னன் அத்தண்டனையை நீக்குகிறான். ஆனால் பெரகோந் நகரைவிட்டு நீங்கவேண்டும் என்று ஆணையிடுகிறான். கேட்டவனின் முகம் வெளிறுகிறது. அடுத்த தொடரில், அவன் ஃபரமிரின் மெய்க்காவல் படைத்தலைவனாக எமின் ஆர்னெனுக்கு அனுப்பப்படுகிறான் என்று தெரிகிறது. தான் எவனுக்காகச் சட்டத்தை மீறினானோ அவனோடு வாழ்வதே தண்டனையாகிறது. சட்டம் கைவிடப்படவில்லை, அது கொல்லவும் இல்லை. மார்ட்டின் கேட்ட ஆட்சிமுறை என்பதற்கு நூலில் விடை ஏதுமில்லை என்போர் இப்பகுதியை மீண்டும் படிக்கவேண்டும் என்பது என் துணிபு.

ஆனால் இத்தீர்ப்புகள் நமக்குக் கிடைத்திருப்பது ஏன்? அவ்வேளையில் ஹாபிட்டுகள் நால்வரும் மினாஸ் திரித் நகரில் இருந்தனர். ஜூலையில் ஊர் திரும்பப் புறப்பட்டனர். செந்நூலை எழுதியவர்கள் ஹாபிட்டுகள். அவர்கள் கண்ட வாரங்களின் ஆட்சி விரிவாகவும், காணாத ஆண்டுகளின் ஆட்சி ஒற்றை வரிகளாகவும் இருக்கிறது. நூலில் ஆட்சி இல்லை என்பதைவிட, சாட்சி ஊர் திரும்பிவிட்டது என்பதே சரியான கூற்று.

கொடை பெற்றவர்களின் பதிவு

எலெஸ்ஸாரின் அறியப்பட்ட ஆணைகளில் பெரும்பான்மையானவை கொடைகள். அக்கொடைகளுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. அவை மன்னனின் அதிகாரத்திற்கு எல்லை வகுப்பவை. த்ரூஅதான் காட்டைக் கான்-புரி-கானுக்கும் அவன் குடியினருக்கும் உரியதாக அறிவிக்கிறான். அவர்கள் இசைவின்றி எவரும் உள்ளே செல்லலாகாது. அறிவிப்பைக் கட்டியக்காரர்கள் காட்டின் விளிம்பில் நின்று கூறுகின்றனர்; காட்டினுள்ளிருந்து முரசொலி மட்டும் விடையாக வருகிறது. அக்குடியினர் முகம் காட்டவில்லை. ஐசென்கார்டுப் பள்ளத்தாக்கை எண்டுகளிடம் ஒப்படைக்கிறான். ஷயர் நாட்காட்டியின் 1427ஆம் ஆண்டில் மனிதர் எவரும் ஷயருக்குள் நுழையலாகாது என்று ஆணையிட்டு, அதனை வடசெங்கோலின் காவலில் உள்ள உரிமை நிலமாக்குகிறான். 1452இல் மேற்கெல்லை நிலத்தை அதனோடு சேர்த்துக் கொடுக்கிறான்.

இந்த ஆணைக்கு மன்னனும் விலக்கல்லன். வடபுலம் வரும்போது அவன் பிராண்டிவைன் பாலம் வரை வருகிறான், அங்கே நண்பர்களை வரவேற்கிறான், பாலத்தைக் கடப்பதில்லை. 1436இல் மேயர் சாம்வைஸுக்கு விண்மீன் அணியை அளித்ததும் அப்பாலத்தில்தான். இதைவிடத் தெளிவான ஓர் அரசியல் படிமம் இந்நூலில் உண்டா என்று எனக்குத் தோன்றவில்லை. உலகின் மேற்றிசை முழுதும் ஆளும் ஒருவன், தான் இட்ட ஆணையின் விளிம்பில் குதிரையை நிறுத்திக் காத்திருக்கிறான்.

இச்செய்திகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால் மற்றொன்று புலப்படும். ஆணைகளின் ஆண்டுகள் 'ஆண்டுகளின் கதை' என்னும் இரண்டாம் பிற்சேர்க்கையில் ஷயர் நாட்காட்டியில் தரப்பட்டுள்ளன. அப்பிற்சேர்க்கை டூக் குடியினரின் பெருமனையில், மெரியடொக் திரட்டிய ஏடுகளைக் கொண்டு தொகுக்கப்பட்டிருக்கலாம் என்று முன்னுரையின் குறிப்பொன்று கூறுகிறது. பாலத்தைக் கடக்காத மன்னனைப் பற்றிய பகுதியோ, ஷயர்வாசி ஒருவர் தன்மைப் பன்மையில், எங்கள் மன்னன் என்ற உரிமையோடு பேசும் கூற்றாக அமைந்துள்ளது. அதாவது கொடையைப் பெற்றவர்களே கொடையைப் பதிந்திருக்கின்றனர். கொடை பெற்றும் எழுத்தில்லாத த்ரூஅதான் குடியினர் தாமே எதையும் எழுதவில்லை. அவர்களுடைய முரசொலியும் ஹாபிட்டுகளின் காதில் விழுந்ததால்தான் நமக்கு எட்டியது. நூர்னென் ஏரிக்கரையில் நிலம் பெற்ற விடுதலை அடிமைகள் பின்னர் என்னவாயினர் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. அங்கிருந்து ஏடு எதுவும் வரவில்லை.

கல்வெட்டு வாசிப்பில் பழகியவர்களுக்கு இந்நிலைமை புதிதன்று. முதலாம் இராசராசன் காலந்தொட்டுச் சோழர் கல்வெட்டுகளின் முகப்பில் அமைந்த மெய்க்கீர்த்தி மன்னனின் வெற்றிகளைப் பேசும். அதன்பின் வரும் பகுதி, கொடை பெற்ற கோயிலின் சுவரிலேயே கொடையைப் பேசும். போரைச் சொல்வது அரசவையின் குரல். கொடையைக் காப்பது பெற்றவரின் சுவர். எலெஸ்ஸாரைப் பொறுத்தவரை கொடை மட்டும் இருக்கிறது, மெய்க்கீர்த்தி காணவில்லை. வெற்றிகள் எங்கே போயின என்னும் வினா எனக்கு எழுந்தது இந்தப் பழக்கத்தினால்தான். ஒப்பீடு இவ்வளவே, இரண்டையும் ஒன்றெனக் கொள்ள இடமில்லை.

எயோமரின் பக்கத்தில் சில தொடர்கள்

வெற்றிகள் இருக்கின்றன. ஆனால் அவை கோந்தோரின் வரலாற்றில் இல்லை. முதற் பிற்சேர்க்கையில் ரோஹன் அரசர்களின் வரலாறு தனிப்பகுதியாக உள்ளது. அதில் எயோமரைப் பற்றிச் சொல்லுமிடத்தில், சௌரோன் அழிந்தபின்னும் அவன் விதைத்த பகைமைகள் அழியவில்லை என்றும், வெண்மரம் அமைதியில் வளர்வதற்குமுன் மேற்றிசை மன்னன் பல பகைவரை அடக்கவேண்டியிருந்தது என்றும், எலெஸ்ஸார் போருக்குச் சென்ற இடமெல்லாம் எயோமரும் சென்றான் என்றும், ரூன் கடலுக்கு அப்பாலும் தெற்கின் தொலைநிலங்களிலும் ரோஹன் குதிரைப்படையின் முழக்கம் கேட்டது என்றும் கூறப்படுகிறது. எயோமர் முதுமையுறும் வரை இது நிகழ்ந்தது. அவன் இறந்தது நான்காம் ஊழி 63ஆம் ஆண்டில். ஆகவே எலெஸ்ஸாரின் ஆட்சியில் பல பத்தாண்டுகள் போர்க்காலமாக இருந்திருக்கின்றன. அமைதியின் அரசன் என்று நாம் நினைவில் வைத்திருப்பவன், கீழ்த்திசையின் எல்லைக்கு அப்பாலும் படைநடத்தியவன்.

கோந்தோரின் வரலாற்றுப் பகுதியில் இதற்கு நிகரான செய்தி எனக்குக் கிடைத்தது ஒன்றே. பழைய உட்பகைப் போரைப் பற்றிச் சொல்லும்போது, பிரிந்துபோன உம்பார் எலெஸ்ஸாரின் காலம் வரை முற்றாக அடக்கப்படவில்லை என்று ஒரு தொடர் வருகிறது. உம்பார் வெல்லப்பட்டது என்பதை ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்ச்சியின் ஊடே, கிளைத்தொடர் ஒன்றில் அறிகிறோம். எப்போது, எப்படி, எத்தனை பேர் மாண்டனர் என்பவை இல்லை.

இவ்விடத்தில் ஓர் இடர்ப்பாடு தோன்றுகிறது. முடிசூடிய ஆண்டில் மன்னன் ஹாரத்தாரோடு அமைதி செய்துகொண்டான் என்கிறது ஹாபிட்டுகளின் பதிவு. தெற்கின் தொலைநிலங்களில் குதிரைப்படை முழங்கியது என்கிறது ரோஹனின் பதிவு. அமைதி முறிந்ததா? முறித்தவர் யார்? அல்லது அது வேறு தெற்குக் குடிகளோடு நடந்த போரா? நூல் சொல்லும் காரணம் சௌரோன் விதைத்த பகைமை என்பது மட்டுமே. அது வென்றவர் பக்கத்தின் விளக்கம். ஹாரத்தாரின் ஏடோ ரூன் மக்களின் ஏடோ செந்நூல் மரபில் சேரவில்லை. போரில் மாண்டு கிடந்த ஹாரத்து வீரன் ஒருவனைக் கண்டு, இவன் பெயர் என்ன, உண்மையில் தீயவனா, எந்தப் பொய் இவனை இவ்வளவு தொலைவு கொணர்ந்தது என்று சாம் எண்ணிப்பார்க்கும் இடம் இரண்டாம் தொகுதியில் உண்டு. ஓர் ஊழியத் தோட்டக்காரனுக்குத் தோன்றிய அவ்வினா, வரலாற்றுப் பிற்சேர்க்கைகளை எழுதியோருக்குத் தோன்றவில்லை.

ஓர்க்குகளை என்ன செய்தான் என்ற மார்ட்டினின் கேள்விக்கு இணையாக வைக்கப்படவேண்டிய கேள்வி இதுவே என்று கருதுகிறேன். முன்னது ஆசிரியரிடம் தகவல் கேட்கிறது. பின்னது நூலின் உள்ளேயே இருக்கும் ஒரு முரணைச் சுட்டுகிறது.

ஃபிந்தெகிலின் படி

நூல் வெளிவந்து ஏறத்தாழ பத்தாண்டுகளுக்குப்பின், 1965இல் அமெரிக்காவில் வந்த திருத்திய பதிப்பில், டோல்கீன் முன்னுரையோடு 'ஷயர் ஏடுகளைப் பற்றிய குறிப்பு' என்னும் பகுதியைச் சேர்த்தார். கதைக்கு அது தேவையில்லை. அதைக் கடந்துசெல்லும் வாசகரே மிகுதி. ஆனால் நம் வினாவிற்கு இந்நூலில் அதைவிட இன்றியமையாத பக்கங்கள் இல்லை.

அக்குறிப்பின்படி, செந்நூலின் முதற்படி எலெஸ்ஸார் மன்னனின் வேண்டுகோளால் எடுக்கப்பட்டது. நான்காம் ஊழி 64இல் பெரெகிரின் கோந்தோருக்கு வந்து தங்கியபோது அதைக் கொணர்ந்தான். மினாஸ் திரித்தில் அப்படி உரைக்குறிப்புகளும் திருத்தங்களும் பெற்றது. ஆரகோர்ன்-ஆர்வென் கதையின் சுருக்கம் அங்கேதான் சேர்க்கப்பட்டது. அக்கதையின் முழு வடிவை ஃபரமிரின் பேரன் பராஹிர் மன்னன் மறைந்தபின் எழுதினான். பின்னர் நான்காம் ஊழி 172இல் மன்னனின் எழுத்தன் ஃபிந்தெகில் அதிலிருந்து எடுத்த படியே நிறைவான படியாக எஞ்சியது.

இதன் பொருளைக் கூர்ந்து நோக்கவேண்டும். எலெஸ்ஸாரை நமக்குக் காட்டும் நூல் எலெஸ்ஸார் கேட்டு வாங்கிய படி; அவன் தலைநகரில் திருத்தப்பட்டது; அவனால் உயர்வு பெற்ற ஆட்சிக்காவலர் குடியில் வந்தவனின் எழுத்தால் விரிவடைந்தது; அரசனின் எழுத்தனால் படியெடுக்கப்பட்டது. டோல்கீன் இதைத் தற்செயலாகச் சேர்த்தார் என்று கொள்ளல் அரிது. ஏடுகளின் வரலாற்றை வாழ்நாள் முழுதும் கற்பித்த ஒருவர், தம் மன்னனின் புகழ் எந்த அவையிலிருந்து நமக்கு வந்து சேர்ந்தது என்பதைத் தாமே எழுதிவைக்கிறார். மன்னனை ஐயுறுமாறு அவர் கூறவில்லை. ஐயுறுவதற்கு வேண்டிய கருவியை மட்டும் வாசகர் கையில் தருகிறார்.

இதற்கு மறுப்பும் உண்டு. டோல்கீன் நல்லரசில் நம்பிக்கை கொண்டவர், எலெஸ்ஸாரை அவர் மெய்யாகவே நல்லவனாகப் படைத்தார், படிவரலாறு வெறும் நம்பகத்தன்மைக்கான உத்தி என்பர். எலெஸ்ஸார் நல்லவன் என்பதை நானும் மறுக்கவில்லை. பெரகோந்தின் தீர்ப்பும் பாலத்தின் விளிம்பில் நிற்கும் குதிரையும் பொய்யுரையாக எனக்குப் படவில்லை. ஆனால் நல்லரசன் ஒருவனின் ஆட்சியிலும் எழுதப்படாதவர்கள் இருக்கிறார்கள் என்பது, கொடுங்கோலனின் ஆட்சியைப் பற்றிச் சொல்வதைவிடக் கடினமான உண்மை.

அரசியின் சொல்

அவையின் ஏடு என்பதாலேயே அது மன்னனுக்குச் சார்பாக மட்டும் பேசும் என்று முடிவுகட்டவும் இயலாது. பராஹிரின் கதையில் மன்னனின் இறப்பு இதற்குச் சான்று. 210 வயதில், தான் பிறந்த அதே மார்ச் 1ஆம் நாளில், எலெஸ்ஸார் தன் விருப்பத்தால் உயிர்துறக்கிறான். பிறந்தநாளும் மறைந்தநாளும் ஒன்று என்பதைப் பிற்சேர்க்கைகள் எங்கும் சுட்டிக்காட்டுவதில்லை. இரண்டு ஆண்டுக்குறிப்புகளை ஒப்பிட்டால் தெரியும். நூமெனோரின் பிற்கால அரசர்கள் முதுமையிலும் அரியணையைப் பற்றிக்கொண்டு தளர்ந்து அழிந்தனர். எலெஸ்ஸார் தளருமுன் மகன் எல்தாரியோனிடம் முடியையும் செங்கோலையும் ஒப்படைத்துவிட்டுப் படுக்கிறான். ஷயருக்குள் நுழையாத அதே மனம் இங்கும் தொழிற்படுகிறது.

ஆனால் ஆர்வென் இதை ஏற்கவில்லை. காலத்திற்குமுன் ஏன் பிரிகிறாய் என்னும் பொருளில் அவள் கேட்கிறாள். அவனுக்காகத் தன் இறவாமையைத் துறந்தவள் அவள். வீழ்ந்த நூமெனோர் மக்களை இதுவரை இகழ்ந்துவந்தவள், இறப்பு இத்துணைக் கசப்பானது என்றால் அவர்கள்மேல் இப்போது இரக்கம் கொள்கிறேன் என்கிறாள். மன்னன் சொல்லும் ஆறுதல் சிறந்த ஆறுதல்தான். ஆயினும் அது அவளை ஆற்றவில்லை. அவள் நகரை நீங்கி, ஆளற்ற லோரியென் காட்டில் தனியே தங்கி, குளிர்காலத்தில் இறக்கிறாள். ஆட்சிக்காவலரின் பேரன் எழுதி, அரசனின் எழுத்தன் படியெடுத்த ஏட்டில், மன்னனின் ஆகச் சிறந்த செயலை ஏற்காத அரசியின் குரல் அழிக்கப்படாமல் நிற்கிறது. துயரத்தைப் பதியும் நேர்மை அவ்வேட்டிற்கு இருந்தது. தெற்கின் தொலைநிலங்களைப் பதியும் நேர்மை இல்லை. அல்லது, அரசியின் அழுகை கேட்கும் தொலைவில் எழுத்தர் இருந்தனர். தெற்கின் அழுகை அங்கு எட்டவில்லை.

மன்னனே தன் பெயரில் எழுதிய மடல் ஒன்றை டோல்கீன் எழுதிப்பார்த்ததும் இங்குக் குறிக்கத்தக்கது. பாலத்திற்கு வரப்போவதாகச் சாமுக்கு அவன் எழுதும் அம்மடல், நூலின் இறுதிக்கென எழுதப்பட்டுப் பின் நீக்கப்பட்ட இயலில் இடம்பெற்றது. 1992இல் 'சௌரோன் டிஃபீட்டட்' தொகுதியில்தான் அச்சானது. வெளிவந்த புதினத்தில் அரசன் கைப்பட எழுதிய ஏடு ஒன்றும் இல்லை.

பெரகோந்தின் மகன்

டோல்கீன் எல்தாரியோனின் ஆட்சிக்காலத்தில் நிகழும் தொடர்ச்சிக் கதை ஒன்றையும் தொடங்கினார். 'த நியூ ஷேடோ' என்னும் அது சில பக்கங்களோடு கைவிடப்பட்டது. 1996இல் 'த பீப்பிள்ஸ் ஆஃப் மிடில்-எர்த்' தொகுதியில் வெளியாயிற்று. நீண்ட அமைதியில் மக்கள் சலிப்புற்றிருக்கின்றனர். சிறுவர்கள் ஓர்க்குகளாக வேடமிட்டு விளையாடி அழிவு செய்கின்றனர். மறைவான ஓர் இயக்கம் வளர்வதாக வதந்தி. இதைத் தொடர்ந்தால் வெறும் மர்மக்கதையாகும் என்று டோல்கீன் விட்டுவிட்டார் என்பர். எனக்கு முதன்மையாகத் தோன்றுவது அதில் பேசுபவன் யார் என்பது. தோட்டத்தில் அமர்ந்து பேசும் முதியவன் போர்லாஸ், எலெஸ்ஸாரின் தீர்ப்பால் உயிர்பிழைத்த பெரகோந்தின் மகன். அவ்வாட்சியின் கொடையை உயிராகவே பெற்ற குடியில் வந்தவன். அவனோடு வாதிடும் இளைஞன் ஸாயெலோன், சிறுவயதில் பழுக்காத கனிகளைப் பறித்ததற்காக அவன் தன்னை ஓர்க்கென்று கடிந்ததை மறக்கவில்லை. மரங்களிடம் கேட்டால் எல்லா மனிதரையும் ஓர்க்குகள் என்றுதானே சொல்லும் என்னும் பொருளில் அவன் திருப்பிக் கேட்கிறான். வெட்டப்படுவோரின் பக்கத்திலிருந்து எழுந்த வினா அது, அதைக் கேட்பவனின் உள்நோக்கம் எதுவாயினும்.

போர்லாஸிடம் அதற்கு ஒரு விடை இருக்கிறது. ஆனால் அவனே அதில் நிறைவு கொள்ளவில்லை. மாலையானதும் எழுந்து வீட்டிற்குள் செல்கிறான். விளக்கில்லை, ஓசையில்லை. பழைய தீமையின் நாற்றத்தை அடையாளம் காண்கிறான். டோல்கீனின் எழுத்து அவ்விடத்தில் நின்றுவிடுகிறது.